மலைச்சரிவு, குளம் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் கமிட்டி சார்பா வணக்கம். கும்பாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சது. மடப்பள்ளி ஓடு, படிக்கட்டு கைப்பிடி, லைட்டு, தண்ணித்தொட்டி எல்லாம் எஸ்டிமேட்டுக்குள்ளயே முடிஞ்சது, பில்லு ஃபைல்ல இருக்கு. மண்டபத் தூண்ல இருந்த பழைய சுண்ணாம்பை தண்ணியும் நார் பிரஷ்ஷும் வச்சுதான் எடுத்தோம். மணல் பீய்ச்சி அடிச்சா வேலை சீக்கிரம் முடியும், ஆனா கல்லோட மேல்தோலே போயிடும், அப்புறம் மழைத்தண்ணி உள்ள இறங்கும்.

இப்ப எல்லாரும் கேக்குற விஷயம். குளத்துக்கு மேல உள்ள சரிவு வேலைக்கு 6 லட்சம் போட்டோம், 9 லட்சத்து 40 ஆயிரம் ஆச்சு. "மண்ணுக்கு மூணு லட்சத்துக்கு மேலயா, அந்தக் காசுல கோபுரத்துக்கு பெயிண்ட் அடிச்சிருக்கலாமே"ன்னு குரூப்புல வந்ததெல்லாம் படிச்சோம். நடந்ததை அப்படியே சொல்றோம்.

தடுப்புச்சுவருக்குப் பின்னாடி ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி போடணும், தண்ணி வடிய அஞ்சடிக்கு ஒரு பைப் வைக்கணும், இதெல்லாம் அக்ரிமெண்ட்லயே இருக்கு. கான்ட்ராக்டர் பைப்பும் வைக்கல, ஜல்லியும் போடல. அது மட்டும் இல்ல, ஒரு லீவு நாள்ல ஜேசிபிய விட்டு சரிவோட மேல்மண்ணை வழிச்சு சுவருக்குப் பின்னாடி தள்ளி அடைச்சிட்டார். களி கலந்த மண்ணு, ஐப்பசி மழைய குடிச்சு கனத்துப்போய் தள்ளுது, தண்ணி வெளிய போக வழி இல்ல, சுவர் நடுவுல வயிறு மாதிரி புடைச்சிடுச்சு.

கேட்டதுக்கு "வழிச்ச இடத்துல நாலு லோடு கிராவல் கொட்டி சமன் பண்ணிடுறேன், மண்ணுன்னா மண்ணுதானே"ன்னார். அங்கதான் சண்டையே. ஜேசிபி வெட்டுன இடத்துல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். மேல ஒரு சாண் கருப்பா வேரோட இருக்க மண்ணு, அதுக்குக் கீழ செம்மண்ணு, அதுக்கும் கீழ உளுத்த பாறை. பாக்க கல்லாட்டம் இருக்கும், கைல எடுத்து நசுக்குனா உதிரும். அதுல வெள்ளையா இருக்கறது ஃபெல்ஸ்பார்ங்கற தாது, மழைத்தண்ணியில காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்து லேசான அமிலமாகி அதை கொஞ்சம் கொஞ்சமா களியாக்கிடுது, நகத்துல கீறுனா மாவா வரும். கருப்பா மினுங்குற மைக்காங்கற தாதுவுல இருக்க இரும்பு துருப்பிடிச்சுதான் செம்மண்ணுக்கு அந்த நிறம். குவார்ட்ஸ்ங்கற கெட்டித் தாது மட்டும் கரையாம மணலா நிக்குது. வெயில்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கி, விரிசல்ல வேர் இறங்கி, இலை மக்கி, புழு பூச்சி கிளறி, இப்படி ஒரு சென்டிமீட்டர் மண்ணு சேர நூத்துக்கணக்கான வருஷம் ஆகும். கிராவல்ங்கறது அந்த உளுத்த பாறைதான், அதுல புல்லு புடிக்காது, புல்லு இல்லன்னா அடுத்த மழைக்கு அவ்வளவும் நாம இப்ப தூர்வாருன குளத்துலதான் வந்து உக்காரும். நம்ம நாட்டுல ஹெக்டேருக்கு வருஷம் 16 டன்னுக்கு மேல மண்ணு அரிச்சுப் போகுதுன்னு 1983லயே கணக்கு போட்டிருக்காங்க.

அதனால சுவரை இடிச்சோம். அடைச்சிருந்த மண்ணை கூடையில அள்ளி சரிவுலயே திரும்பப் பரப்புனோம், ஜேசிபிய ஏத்தல, ஏத்துனா மண்ணு இறுகிடும், தண்ணி இறங்காது. ஆள் கூலி கூடுனது அங்கதான். சரிவுக்குக் குறுக்க ஒரே மட்டத்துல டிரெஞ்ச் எடுத்து, வரப்புல வெட்டிவேரும் கொழுக்கட்டைப்புல்லும் வச்சோம். வெட்டிவேர் பக்கவாட்டுல போகாம நேரா ஆள் உயரத்தை விட ஆழமா இறங்கி மண்ணைப் புடிச்சுக்கும். புதுச் சுவர்ல ஜல்லியும் பைப்பும் நாங்க நின்னு பாத்துப் போட்டது. பழைய கான்ட்ராக்டருக்கு பாக்கித் தொகை குடுக்கல, குடுக்கவும் மாட்டோம். இந்த முடிவுல கமிட்டில எல்லாரும் ஒண்ணாதான் நின்னோம், இப்பவும் நிக்கிறோம்.

கூடுதல் பணத்தை கோயில் நிதில இருந்து எடுக்கல. கீழத்தெரு அரிசி மண்டிக்காரர், பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணன், ரிட்டயர்டு தலைமையாசிரியர் அம்மா, சிங்கப்பூர்லயும் துபாய்லயும் வேலை பாக்குற நம்ம ஊர் பசங்க, தறிக்காரங்க, பூக்கட்டுற அக்காமார், ஜல்லி ரெண்டு லோடு இலவசமா எறக்குன லாரி ஓனர், ஜல்லி கொட்டுன அன்னிக்கு சாப்பாடு போட்ட மேலத்தெரு மகளிர் குழு, எல்லாருக்கும் கும்பிட்டு நன்றி சொல்றோம். யார் எவ்வளவுன்னு முழுப் பட்டியல் மண்டபத்து போர்டுல ஒட்டியிருக்கு, விட்டுப்போயிருந்தா பொருளாளர்கிட்ட ரசீதைக் காட்டுங்க, சேத்துடுறோம்.

கணக்கு நோட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்துல யார் வேணா வந்து பாக்கலாம். ரெண்டு மழைக்காலம் போற வரைக்கும் சரிவுல ஆடு மாடு விடாதீங்க, புல்லு இன்னும் வேர் புடிக்கல. கோடையில தண்ணி ஊத்த தெருவுக்கு ரெண்டு பேர் வேணும், பேர் குடுங்க.