ஒரு சுவிட்ச் செய்த வேலை

ஆசிரியருக்கு,

நிலவுக்குக் கருவிகளைக் கொண்டுசெல்லும் வேலையை நாசா தனியாரிடம் விட்டதே தவறு என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நாசா இப்போது லேண்டரைச் சொந்தமாக வாங்குவதில்லை. கூரியருக்குக் கட்டணம் கட்டுவதுபோல, தன் கருவிகளை நிலவில் கொண்டுபோய் இறக்க நிறுவனங்களுக்குப் பணம் தருகிறது. 2024 ஜனவரியில் ஆஸ்ட்ரோபாட்டிக் நிறுவனத்தின் பெரெக்ரின் லேண்டர், எரிபொருள் கசிந்து, நிலவைத் தொடாமலே திரும்பிவந்து பூமியின் காற்றில் எரிந்தது. அடுத்த மாதம் இன்டியூட்டிவ் மெஷின்ஸின் ஒடிசியஸ் இறங்கியது, ஆனால் சாய்ந்துவிட்டது. உயரம் அளக்கும் லேசரின் பாதுகாப்பு சுவிட்சை, ஏவுவதற்கு முன் கையால் விடுவிக்க மறந்துவிட்டார்களாம்! வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிவந்து பார்க்கிற நமக்கு இது புரியும். அங்கே திரும்பி வர வழியில்லை.

2025 மார்ச் 2-இல் ஃபயர்ஃபிளையின் புளூ கோஸ்ட் நேராக இறங்கி, இரண்டு வாரம் உழைத்தது. பூமி சூரியனை மறைத்த கிரகணத்தைக்கூட அங்கிருந்து படம்பிடித்தது. நான்கே நாள் கழித்து இறங்கிய இன்டியூட்டிவ் மெஷின்ஸின் அடுத்த லேண்டரான அதீனா, பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது.

சரி, தோல்விகள் வரத்தான் செய்யும். என் கவலை வேறு. கவிழ்ந்த லேண்டர் நிறுவனத்துடையது; அதிலிருந்த நாசா கருவிகள் மக்கள் வரிப்பணத்தில் செய்தவை. எனவே, ஏன் கவிழ்ந்தது என்ற விசாரணை அறிக்கையை வியாபார ரகசியம் என்று மூடாமல் முழுதாக வெளியிட வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

- ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்