பாசி நீக்கும் பணி குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை மாதத்தில் காந்தி நகரில் ஒரு பெரிய வீட்டின் புல்தரையில் பாசிக்கு மருந்து தெளித்தோம். மூன்றாம் நாள் தரை திட்டுத்திட்டாகக் கறுத்தது. "அமிலம் ஊற்றிப் புல்லைக் கருக்கிவிட்டார்கள்" என்று அந்தப் படம் சத்துவாச்சாரி, பாகாயம் வரை வாட்ஸ்அப்பில் சுற்றுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

நாங்கள் தெளித்தது அமிலம் அன்று. நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். அதையும் 100 சதுர அடிக்கு 200 கிராமுக்கு மிகாமல் தண்ணீரில் கரைத்து, வெயில் தணிந்த பிறகே தெளிக்கிறோம். அது பட்டதும் பாசி சில நாட்களில் கறுத்துச் சாகும். புல்லின் நுனியும் சற்றுக் கருக்கும், ஆனால் அது புதுத் துளிர் விட்டு மீண்டுவிடும். கறுத்துக் கிடந்த பாசியை விரலால் விலக்கி, அதனடியில் கொரியன் புல்லின் தண்டு வெளிறிப்போயிருந்தாலும் உயிரோடு இருப்பதை அவ்வீட்டு அம்மாவிடம் நானே காட்டினேன். படம் அதற்கு முன்பே பரவிவிட்டது. கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழைதான், அதற்கு வருந்துகிறேன். ஆனால் புல்லைக் கொன்றோம் என்ற பேச்சை, இருபது ஆண்டுகளாகப் புல்லை வளர்த்தே பிழைக்கும் எங்களால் தாங்கிக்கொள்ள இயலவில்லை.

மருந்து தெறித்ததால் அவ்வீட்டு வாசற்படியில் ஏற்பட்ட துருக்கறையையும் தேய்த்துக் கொடுத்துள்ளோம்.

மருந்து மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாசிக்கு வேர் கிடையாது. இலையாலேயே ஈரத்தை உறிஞ்சி வாழ்வதால், மாமர நிழலில், மிதிபட்டு இறுகிய களிமண்ணில், ஐப்பசி மழைநீர் வடியாமல் நிற்கும் இடத்தில் அது எத்தனை முறை அழித்தாலும் திரும்ப வரும். ஆகவே செத்த பாசியை வாரி எடுத்தபின், தாழ்ந்த கிளைகளைக் கழித்து, கடப்பாரையால் நெருக்கமாகத் துளையிட்டு மணல் நிரப்புகிறோம். தாங்கள் செய்ய வேண்டியது, மாலையில் தண்ணீர் விடும் வழக்கத்தை விட்டு, மண் காய்ந்த பிறகு காலையில் மட்டும் பாய்ச்சுவதும், புல்லை ஒட்ட வெட்டச் சொல்லாமல் இருப்பதுமே.

அந்தப் படத்தைப் பார்த்தவுடன் பிறரிடம் பகிராமல், "என்னப்பா நடந்தது?" என்று நேரில் கேட்ட பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. காந்தி நகர்ப் புல்தரையைப் பொங்கலுக்குப் பிறகு வந்து பார்க்க விரும்புவோர் சொல்லியனுப்பினால், வீட்டாரின் அனுமதி பெற்று நானே அழைத்துச் செல்கிறேன்.

இங்ஙனம்,
உரிமையாளர்,
தோட்டப் பராமரிப்பு நிலையம், காட்பாடி