இரவுப் பால் எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

34 வாரம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரியாக உறிஞ்சி விழுங்க வராது என்பதால், தாய் பீய்ச்சித் தரும் பாலை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கொருமுறை குழாய் வழியே செலுத்துகிறார்கள். என் பேத்தி வேலூர் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, அங்கிருந்த இன்னொரு குழந்தையின் தாய், ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளி, வீட்டில் மூத்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல், தினமும் மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவார். இரவில் பீய்ச்சாததால் சுரப்பும் குறைந்தது. "இவ்வளவுதானாம்மா?" என்று செவிலியர் கேட்க, அடி நனைந்த கிண்ணத்தை அவர் முந்தானையால் மூடிக்கொண்டார். இதை அக்கறைக்குறைவு என்பது அநியாயம். வளாகத்திலேயே தாய்மாருக்குப் படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருவதோடு, கூலியை விட்டு வாசலில் காத்துக்கிடக்கும் தந்தையரையும், குழந்தையை நெஞ்சோடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்புக்காக உள்ளே அனுமதிக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

— வாசகர், காட்பாடி