நீ வரைந்த படம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில்.

மருமகள் போன வாரம் பேசினாள். அவளைத் திட்டாதே, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த சத்தத்துக்கு நடு ராத்திரியில் எழுந்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாயாமே. மேலே போய் நின்ற பிறகுதான் உனக்கே தெரிந்ததாம். பாப்பா அழுதாலும் மெரினா பக்கம் கூட்டிப் போவதில்லையாம்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. உன் தங்கச்சிக்கும் அன்றைக்கு நாலுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி என்ற வார்த்தையே நமக்குத் தெரியாது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றுதான் கத்திக்கொண்டு ஓடினோம். சுமத்ராவில் பூமி அதிர்ந்ததெல்லாம் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டது. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். உன் கையில் தங்கச்சியைக் கொடுத்து "ஓடு" என்று சொன்னவள் நான். ஏழு வயதுப் பிள்ளையிடம். அது என் தப்பு, உன் தப்பில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

முகாமில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பயிற்சி எடுத்தவர்கள் வந்து, பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னார்கள். நீ காகிதம் முழுக்கக் கறுப்பு கிரேயானால் தேய்த்து வைத்திருந்தாய். ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு கை. நான் அதைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு, "ஆம்பளப் புள்ள, அழக்கூடாது" என்று உன்னை இழுத்து வந்தேன். அதற்கப்புறம் நீ அழவே இல்லை. நான் கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து மறுபடி அலை வருகிறது என்று எச்சரிக்கை வந்து எல்லோரும் ஓடினோமே, நினைவிருக்கிறதா? அலை வரவில்லை. ஆனால் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை உன் கால் இன்னும் நிறுத்தவில்லை போலிருக்கிறது.

உன் அப்பாவைக் குடிகாரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தவர். குடித்தால் கண் மூடும், விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்ளும். அவருக்கு என்ன வியாதி என்று தெரிவதற்குள் அவரே போய்விட்டார். மருமகள் உன் பாட்டிலைப் பற்றியும் சொன்னாள். அதற்குமேல் நான் எழுத வேண்டாம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. போன வருசத்திலிருந்து நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகிறேன். சுனாமி குடியிருப்பில் எவளாவது பார்த்தால் பைத்தியம் என்பாளோ என்று முதல் நாள் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். அங்கே வரிசையில் நம் தெரு ஆட்கள் நாலு பேர்!

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நடந்து முடிந்தது பழசாகி உள்ளே போய்ப் படிய வேண்டும். சிலருக்கு அது படியாமல், இப்போதே நடக்கிற மாதிரி நின்றுவிடும். ஒரு சத்தமோ வாசனையோ பட்டால் உடம்பு முதலில் ஓடும், புத்தி அப்புறம்தான் வரும். வருசக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, பெற்ற பிள்ளை அதே வயதுக்கு வரும்போது கிளம்புவதும் உண்டாம். எனக்குக் கருவாடுதான் ஞாபகம் வந்தது. உள்ளே ஈரம் இருக்கும்போதே கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நான் உன்னை அப்படித்தான் கட்டி வைத்தேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு முதலில் தூக்கத்தைத்தான் சரி செய்தார்கள். மாத்திரை பிடிக்கவே மூன்று நாலு வாரம் ஆனது, நடுவில் நானாக நிறுத்தியதற்குத் திட்டும் வாங்கினேன். பேச்சு அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக. பேசிப் பேசியே சரி செய்கிற வைத்தியம் இதற்கென்றே இருக்கிறதாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்று ஓர் எண் இருக்கிறது, டெலி மானஸ், மனசு சரியில்லாதவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற போன் உதவி. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மருமகளிடமும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இந்த டிசம்பருக்கு நீ வரவேண்டாம். கடலில் பால் ஊற்ற நான் போய்க்கொள்கிறேன். மெரினாவுக்கும் இப்போதே போக வேண்டாம், பாப்பாவிடம் அப்பாவுக்குக் கடல் என்றால் பயம் என்று சொல். அவள் புரிந்துகொள்வாள்.

பீரோவுக்குள் புடவைக்கு அடியில் வைத்திருந்த தங்கச்சி போட்டோவை வெளியே எடுத்து மாட்டியிருக்கிறேன். திருவிழாவில் பலூனோடு நிற்பாளே, அது. ஓரத்தில் உன் கை மட்டும் தெரிகிறது. உனக்கு அனுப்பட்டுமா? நீ சொன்னால்தான் அனுப்புவேன்.

அம்மா