பாகெம், பாச்செம்

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ரோமில் குளிர் எப்படி?

'அமைதியை' என்று பொருள்படும் pacem என்ற ஒரே சொல்லை லத்தீன் வகுப்பில் 'பாகெம்' என்கிறார்கள், பாடகர் குழுவில் 'பாச்செம்' என்கிறார்கள், எதைப் பழகுவது என்று கேட்டிருந்தாய். இரண்டையும் பழகு, அம்மா. முன்னது பழைய ரோமின் பேச்சாளர் சிசெரோ காலத்து உச்சரிப்பு. அவர் தன் பெயரையே 'கிகெரோ' என்றுதான் சொல்லியிருப்பார். கிரேக்கர்கள் அந்தப் பெயரைக் ககர ஒலியுள்ள எழுத்தால் எழுதிவைத்தார்கள். சீசரின் பெயரை அந்தக் காலத்திலேயே வாங்கிக்கொண்ட ஜெர்மானியர் இன்றும் பேரரசரைக் 'கைசர்' என்கிறார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரமான பொம்பேயியின் சுவர்களில் சாதாரண ஜனங்கள் காதில் விழுந்தபடியே கிறுக்கிய எழுத்துப் பிழைகளும் அன்றைய பேச்சைக் காட்டிக்கொடுக்கின்றன. இலக்கண நூல்களைவிட அந்தப் பிழைகளைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

பிற்காலத்தில் எ, இ ஒலிகளுக்கு முன்னால் வந்த ககரம் இத்தாலியர் வாயில் சகரமானது. கோயிலில் நீ பாடுவது அதுதான். 1912-ல் போப் பத்தாம் பயஸ், பிரெஞ்சுப் பேராயர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த ரோம உச்சரிப்பு பரவுவதை வரவேற்றார்.

குறில் நெடிலை மட்டும் விட்டுவிடாதே. 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்குத் திணறுவார்கள். உனக்கு அரிச்சுவடியிலேயே வந்துவிட்டது.

செத்த மொழிதானே என்று உன் தோழி சொன்னதை நான் ஏற்கமாட்டேன். இன்று யாருக்கும் அது தாய்மொழி இல்லை, அது உண்மை. ஆனால் ரோமர்கள் ஒருநாள் லத்தீன் பேசுவதை நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தாய் பேசியதைத்தான் பேசியது. அது ஊருக்கு ஊர் மாறி இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ருமேனியன் ஆனது. 813-ல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், பிரசங்கத்தை மக்கள் பேச்சில் பெயர்த்துச் சொல்லுங்கள் என்று ஆணையிட்டார்கள். ஏட்டு லத்தீன் அதற்குள் அவ்வளவு தள்ளிப் போயிருந்தது.

அந்த ஏட்டு மொழிக்கும் வேலை ஓயவில்லை. நான் தாவரவியல் நடத்திய காலமெல்லாம், புதுச் செடி ஒன்றுக்குப் பெயரிட்டால் அதன் விவரணையை லத்தீனில் எழுதியாக வேண்டும். 2012-லிருந்துதான் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றார்கள். 2013 பிப்ரவரியில் போப் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகுவதை லத்தீனில்தான் அறிவித்தார். லத்தீன் புரிந்த ஓர் இத்தாலியப் பெண் நிருபர் அந்தச் செய்தியை உலகுக்கு முந்தித் தந்தார்.

பழைய ரோமக் கோயிலான பாந்தியன் பக்கம் போனால் முகப்புக் கல்வெட்டின் கடைசிச் சொல்லைப் பார். 'கட்டினான்' என்று பொருள். 'ஃபேகிட்' என்று ஒருமுறை, 'ஃபேச்சிட்' என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா