பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸை அவிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நத்தார் நெருங்கியதும் பத்திரிகைகளின் சமையல் பக்கங்களில் பிரசல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்ற குட்டிக் கோவா தலைகாட்டும். "கொதிநீரில் பத்து நிமிடம் அவித்து, பட்டர் சேர்த்துப் பரிமாறவும்" என்று ஒரு வரியில் குறிப்பு முடிந்துவிடும். நுவரெலியா, ஹற்றன் பக்கத்தில் அதை நம்பிச் சமைப்பவர்களுக்குக் கிடைப்பது வெளியே குழைந்து, உள்ளே விறைத்து, வீடு முழுக்க நாறும் ஒரு கறி. பிறகு பழி காய்மேல் விழுகிறது. விருந்துச் சமையல் செய்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 300 மீற்றர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். குட்டிக் கோவாவின் நடுத்தண்டு வேகவில்லையே என்று இன்னும் ஐந்து நிமிடம் விடும்போது வெளி இலைகள் கூழாகிவிடும். கோவா குடும்பத்துக் காய்களுக்குள் கந்தகச் சேர்மங்கள் உண்டு. அவிக்கும் நேரம் நீள நீள அவை உடைந்து, அந்த வாடையாக வெளியே வரும். நிறம் மங்குவதற்குக் காரணம் வேறு. காயிலிருந்து ஆவியாகும் அமிலம் மூடிக்குள் அடைபட்டு, பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றுகிறது. பச்சை போய் ஒலிவ் நிறம் வருவது அப்படித்தான். நிறம் நிற்கட்டும் என்று அப்பச்சோடா போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். நிறம் நிற்கும், ஆனால் காய் சேறாகும், விற்றமின் சியும் அழிந்துபோகும்.

ஆகவே அவிப்பதை விட்டு, வாட்ட வேண்டும். இரும்பின்மேல் எண்ணெய் 94 பாகையோடு நிற்பதில்லை. அங்கே மலையும் கடற்கரையும் ஒன்றுதான்.

எட்டுப் பேருக்கு, மற்றக் கறிகளோடு, ஒரு கிலோ போதும். துப்புரவு செய்யும்போது நூறு கிராமுக்கு மேலே கழியும். கையில் எடுத்தால் கல்லுப்போல இறுக்கமாகவும் பாரமாகவும் இருப்பதைப் பாருங்கள். அடி வெட்டு வெண்மையாக இருக்க வேண்டும். மண்ணிறமாகியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. பெரியதும் சிறியதுமாகக் கலந்து வாங்கினால் ஒரே நேரத்தில் வேகாது. ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாதவையே இனிப்பு. குளிர் கூடும்போது செடி மாச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்வதால், உறைபனி விழும் நாட்களுக்குப் பிறகு பறிப்பது இன்னும் இனிக்கும். அந்த வகையில் நத்தாரைவிடத் தைப்பொங்கலுக்குத்தான் இது பொருத்தமான காய்.

இலை மடிப்புக்குள் அசுவினியும் சிறு புழுவும் இருக்கும். காய்ந்த வெளி இலைகளைக் கழற்றி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு கால் மணி நேரம் ஊறவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். தண்டின் நுனியை மெல்லிசாக மட்டும் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் இலைகள் எல்லாம் கழன்றுவிடும். அடியில் சிலுவைபோலக் கீறும் பழைய வழக்கத்தால் பயனில்லை. கீறல் வழியாகத் தண்ணீர்தான் உள்ளே போகிறது. நேராக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். பிறகு துணியில் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் சிவக்காது, ஆவியில் அவிந்துதான் போகும்.

பாத்திரம் என்று கேட்டால் குழிந்த தாச்சி இதற்குச் சரிவராது. வீட்டிலிருக்கும் கனமான இரும்புத் தோசைக்கல்தான் சரி. வெட்டிய முகம் முழுவதும் சூட்டில் படும். கல் காய்ந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒரு முறைக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம். நெருக்கி அடைத்தால் ஒன்றின் ஆவி மற்றதை அவித்துவிடும். நடுத்தர நெருப்பில் ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் பொறுமை இழந்து கரண்டியைப் போடுகிறார்கள். கிளறினால் அந்த இனிப்பான பொன்னிற முகம் வராது. உப்பையும் முதலிலேயே போடக்கூடாது, அது நீரை இழுத்துவிடும்.

முகம் சிவந்ததும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, பானை மூடியால் இரண்டு நிமிடம் கவிழ்த்து மூடுங்கள். தண்டு வேக அது போதும், பச்சை மங்குவதற்குள் மூடியை எடுத்துவிடுகிறோம். பிறகு தண்ணீர் வற்றும்வரை திறந்தபடி விடுங்கள். தண்டில் கத்தி நுனி கொஞ்சம் தடுத்து இறங்கினால் பதம் சரி. முழுக்க மெதுவாக இறங்கினால் பதம் தாண்டிவிட்டது.

தாளிப்பு வேறு சட்டியில். ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பட்டர், ஒரு தேக்கரண்டி கடுகு, கறிவேப்பிலை, நாலு காய்ந்த மிளகாய், பத்துச் சின்ன வெங்காயம், கடைசியில் ஐந்து பல் வெள்ளைப்பூடு. பட்டரைத் தோசைக்கல்லில் விட்டால் அதிலுள்ள பால்பொருள் கருகிக் கசக்கும். வெள்ளைப்பூடும் அப்படியே. எல்லாவற்றையும் கலந்து ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். இடித்த மாசிக் கருவாடு சேர்ப்பதானால் உப்பில் பாதி போதும். இரண்டு கைப்பிடி தேங்காய்ப்பூவும் வறுத்த கஜுவும் நன்றாகச் சேரும். தேசிக்காய்ப் புளி மட்டும் மேசைக்குப் போகும்போது பிழியுங்கள். முன்பே பிழிந்தால் பச்சை மங்கும்.

அவன் அடுப்பில் வாட்டுவதானால் 220 பாகை, 20 முதல் 25 நிமிடம். 180 பாகையில் வேகும் கோழியோடு சேர்த்து வைத்தால் வதங்கும், சிவக்காது. முதல் நாளே ஆயத்தம் செய்ய விரும்பினால் பிளந்து, துடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வாட்டுவது சாப்பாட்டுக்குச் சற்று முன்புதான். மிஞ்சியதை மறுநாள் மெல்லிசாக அரிந்து கொத்து ரொட்டியில் போடலாம், லீக்ஸை விட நன்றாக இருக்கும்.

கசப்பு பற்றி ஒரு வார்த்தை. சினிக்ரின், புரோகோயிட்ரின் என்ற இரண்டு பொருட்களே அதற்குக் காரணம் என்பதை 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதன் பிறகு கசப்புக் குறைந்த விதைகள் சந்தைக்கு வந்தன. கசப்பை வடிப்பதற்காக நெடுநேரம் அவிக்க இன்று அவசியமில்லை. ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று ஒரு தட்டு நிறையச் சாப்பிட வேண்டாம். இந்தக் காயில் விற்றமின் கே அதிகம், அது மருந்தின் வேலையைக் குறைக்கும்.

இனி இந்தக் காய்க்குக் குறிப்பு வெளியிடும்போது எடையைக் கிராமில் போடுங்கள், மூடி வேண்டுமா வேண்டாமா என்பதையும் எழுதுங்கள். அவிக்கும் எந்தக் கறிக்கும் மலையகத்துக்கான நேரத்தைத் தனியாக ஒரு வரியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பத்திரிகையை இங்கேயும் படிக்கிறோம்.

இப்படிக்கு,
விருந்துச் சமையற்காரர் சிலர்,
நுவரெலியா.