காலில் கட்டிய சீட்டு

சிகாகோ,
ஜூலை 14

அன்புள்ள மல்லிகா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் மனசு ஆறியது. ஒரு மாசமாவது அவங்களை அடுப்புப் பக்கம் விடாதே. புகை ஆகவே ஆகாது.

மியூசியத்தில் உனக்கு என்னடி வேலை என்று கேட்டிருந்தாய். ஃபீல்டு மியூசியத்துக்கு வருகிற கூட்டமெல்லாம் ‘சூ’ என்ற டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்க்கத்தான் வருகிறது. நான் இருப்பது பறவைப் பிரிவில். அலமாரி அலமாரியாக இழுப்பறைகள். திறந்தால் பாடம் செய்த பறவைகள் மல்லாந்து வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு: எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது. சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் இறகும் பஞ்சும்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

காலையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்த குருவிகளைப் பாடம் செய்யக் கற்றுக்கொள்கிறேன். வயிற்றில் சின்னதாகக் கீறி, தோலை மெதுவாக உரித்து, சதையை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும். என் முதல் கதிர்க்குருவியின் கழுத்துத் தோல் கிழிந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பத்து கிராம்கூட இல்லாத உயிர், கனடாக் காடுகளுக்குப் போகிற வழியில் இந்த ஊர்க் கண்ணாடியில் மோதிச் செத்திருக்கிறது.

ராத்திரியில் வலசை போகிற பறவைகளை நகரத்து வெளிச்சம் இழுத்துவிடுகிறது. ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்று பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டடம் ஒன்று உண்டு. 1978-இல் இந்த மியூசியத்தின் டேவிட் வில்லார்ட் அங்கே போய், செத்துக் கிடந்த இரண்டொரு பறவைகளைப் பொறுக்கி வந்தார். அதற்குப் பிறகு வலசைக் காலம் தவறாமல் போனார். ஒவ்வொன்றையும் தன் கையாலேயே அளந்து நோட்டில் எழுதினார். 2016 வரைக்குமான கணக்கு: 52 இனம், 70,716 பறவைகள்! அதை மொத்தமாக ஆராய்ந்தபோது, அந்த நாற்பது வருஷத்தில் அவற்றின் கீழ்க்கால் எலும்பு 2.4 சதவீதம் குறுகியிருப்பது தெரிந்தது. இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருக்கிறது. கோடைச் சூடு ஏற ஏற உடல் சிறுக்கிறது, சிறுத்த உடல் தூரம் கடக்க நீண்ட இறக்கை தேவைப்பட்டிருக்கலாம் என்கிறார்கள்.

இருபது மில்லிமீட்டர்க் காலில் 2.4 சதவீதம் என்றால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, மல்லிகா. நான் அதே காலை மூன்று தரம் அளந்தால் மூன்று அளவு வருகிறது. ஒரே மனிதர் ஒரே மாதிரி அத்தனை வருஷம் அளந்திருக்கிறார் என்பதை என் கை நடுங்கும்போதுதான் புரிந்துகொள்கிறேன். தொடங்கியபோது அவர் மனசில் இந்தக் கேள்வியே இருந்திருக்காது.

2023 அக்டோபர் 5-ஆம் தேதி விடிந்தபோது அந்த ஒரு கட்டடத்தடியில் மட்டும் ஆயிரத்துக்கு நெருக்கமான பறவைகள் கிடந்தன. அடுத்த கோடையில், கண்ணாடி இருப்பது பறவைக்குத் தெரியட்டும் என்று, அது முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் போட்ட படலம் ஒட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே சாவு பெருமளவு குறைந்துபோனது. ஒட்டுகிற ஒரு தாளில் தீர்கிற விஷயத்துக்கு இத்தனை வருஷம் ஆயிற்றே என்று எனக்கு ஆற்றாமைதான்.

உன்னிடம் ஒன்று கேட்கணும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம்தானே? குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வந்ததும் உன் பிள்ளைகளைக் கூட்டிப் போ. முதலில் பார்த்த தேதி, இடம், எத்தனை, பார்த்தது யார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல். பென்சில் வேண்டாம், பேனாவில். அடுத்த வருஷமும் அதே நோட்டில் எழுதட்டும்.

ஆகஸ்ட் கடைசியில் இங்கே வேலை முடிகிறது. பொங்கலுக்கு வருவேன். அந்த நோட்டை நானும் பார்க்கணும்.

அன்புடன்,
சங்கரி